திரையை அடுக்கி வைத்தவள்

மாலை ஆறே முக்கால். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, கிடங்குகளுக்கு நடுவே போகிற ஒரு கிளைச் சாலை. கிடங்குகளைப் பூட்டிவிட்டால் அங்கே ஈ, காக்கை இருக்காது. பத்துக் கம்பத்துக்கு ஒரு விளக்கு எரியும்... அதுவும் பேருக்குத்தான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவு அசைவது காற்றில்தான், திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு ஒரு சிநேகிதி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள். அதனால் அவளுக்குப் பேரே 'கண்ணாடி' என்றாகிவிட்டது. அவளுடைய பெரியப்பாவுக்கு நடந்தது. அவள் கதை கட்டுகிற ஆள் இல்லை. சின்னப் பொய் சொன்னாலே அவளுக்கு விக்கல் வந்துவிடும். இதைச் சொன்ன அன்று விக்கல் வரவில்லை.

பெரியப்பா ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். அதிகாலை மூன்று மணிக்கு பேக்கரியில் தட்டுகளை ஏற்றினால், கடை கடையாக இறக்கிவிட்டு வீடு திரும்பப் பகல் பதினொன்று ஆகிவிடும். மனைவி போய்ப் பதினெட்டு வருடம். ஒரே மகள். இருபத்தாறு வயதாகியும் அவருக்கு அவள் 'பாப்பா'தான். கிளைச் சாலையின் கடைசியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில், நைந்துபோன பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது அவள் வேலை. கண்ணாடிக்கும் அங்கேதான் வேலை, பக்கத்து நாற்காலி. தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பெரியப்பா வண்டியோடு வாசலில் நிற்பார்.

அன்றைக்கு நிற்கவில்லை. மூன்று மணிக்கு எழுகிற உடம்பு. சாயங்காலம் சும்மா தலையைச் சாய்த்தவர்... கண்ணசந்துவிட்டார். கண்ணாடியும் அன்று விடுப்பு. பாப்பா பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஆறே முக்காலுக்கு ஒரு லாரி வந்தது. நிற்காமல் போனது.

பெரியப்பா வந்து சேர்ந்தபோது ஏழு மணி. வண்டி வெளிச்சத்தில் முதலில் ஒரு செருப்பு தெரிந்தது. யாரோ தவறவிட்டது என்று நினைத்து அதைச் சுற்றி ஓட்டினாராம்... அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோலச் செய்வார்.

ஒரு மாதம் கழித்து ஸ்டூடியோ முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "இந்தக் கம்ப்யூட்டர் அவங்க சொந்தக் காசுல வாங்கினது. நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்றார். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே அதை வைத்து, பள்ளம் மேடு பார்த்து ஓட்டி, வீட்டுக்குக் கொண்டு வந்தார். கண்ணாடி வந்து பாப்பாவின் மேசையில் மாட்டிக் கொடுத்தாள்.

திறந்ததும் ஒரு படம் வந்தது. பெரியப்பாவின் மனைவி. வீட்டில் இருந்த ஒரே படம் அதுதான். மழைத்தண்ணீர் இறங்கிப் பாதி முகம் போன படம். பாப்பா நெற்றியையும் ஒரு கண்ணையும் மீட்டிருந்தாள். கன்னத்துக்கு மேல் வேலை நின்றுபோயிருந்தது.

படத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பெட்டிகள். தூரிகைகளுக்கு ஒன்று. நிறங்களுக்கு ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்குகளைக் காட்ட ஒன்று. கண்ணாடி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெரியப்பா, இதெல்லாம் அவங்கவங்க வசதிக்கு இழுத்து வச்சுக்கலாம். அக்கா வச்சிருக்கிறத வேற யாராலயும் புழங்க முடியாது. உப்பு டப்பாவுல சர்க்கரை வச்ச மாதிரி."

பெரியப்பாவுக்கு அந்தச் சாஃப்ட்வேர் ஒன்றும் புரியாது. ஆனால் பாப்பாவின் கை பட்ட ஒழுங்கு அங்கே அப்படியே இருந்தது. உடுப்பைத் துவைத்தாகிவிட்டது. படுக்கையைச் சுருட்டியாகிவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம். தினமும் வண்டி விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மவுஸைத் தொடமாட்டார்.

ஒரு நாள் தொட்டுவிட்டார். மனைவியின் கண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் பார்க்க ஆசை. ஏதோ ஒரு பெட்டியின் ஓரத்தில் விரல் அழுந்த, அது கழன்று கையோடு வந்தது. திருப்பி வைக்கப் போனால் இன்னொன்று கழன்றது. பதற்றத்தில் எதையோ அமுக்கினார்... எல்லாப் பெட்டிகளும் மறைந்து, வெறும் படம் மட்டும் நின்றது.

கண்ணாடிக்குப் போன் வந்தபோது அவர் குரலே சரியில்லை. "கலைச்சுட்டேம்மா... பாப்பா வச்சத கலைச்சுட்டேன்..."

அவள் ஓடி வந்தாள். "அழாதீங்க பெரியப்பா, இதுக்கு ரீசெட் இருக்கு" என்று அமுக்கினாள். பெட்டிகள் வந்தன. ஆனால் அது கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுக் கொடுத்த வரிசை. பாப்பா தன் வரிசைக்குப் பேர் கொடுத்துச் சேமித்திருந்தால் பட்டியலில் இருக்கும். பட்டியல் காலி. நினைவில் இருந்தவரை கண்ணாடி இழுத்து இழுத்து வைத்துப் பார்த்தாள். வரவில்லை. "விடும்மா" என்றார் பெரியப்பா. இரண்டாம் தடவை பறிகொடுத்தவர் முகம்.

மறுநாள் பதினொன்றுக்கு வண்டி விட்டு வந்து பூட்டைத் திறந்தார். உள்ளே யூகலிப்டஸ் தைலத்தின் வாசம். பாப்பாவுக்கு வேலை முடிந்தால் தலைவலி வரும். நெற்றியில் அதைத்தான் தேய்ப்பாள். அந்தப் புட்டி தீர்ந்து, தூக்கிப் போட்டு வாரக்கணக்காகிவிட்டது.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. எல்லாப் பெட்டியும் பாப்பா வைத்த இடத்தில்.

சாவி அவர் இடுப்பில். கண்ணாடியைக் கூட்டி வந்து காட்டினார். அவள் திரையைப் பார்த்தாள்... அப்படியே கையைக் கட்டிக்கொண்டாள். வலது மூலையில், கட்டைவிரல் அளவு ஒரு குட்டிப் பெட்டி. முந்தின நாள் அடுக்கிப் பார்த்தபோது, பாப்பா அப்படி ஒன்று வைத்திருந்ததே அவளுக்கு நினைவு வரவில்லை.

"நான் இல்ல, பெரியப்பா."

"தெரியும்மா" என்றார் அவர். பயப்படவில்லை. அதுதான் பயம் என்பாள் கண்ணாடி. அவர் முகம் விடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான்... எப்படிச் சொல்ல. தினமும் வேலைக்குக் கிளம்புமுன், விளக்கைப் போட்டு, தானே எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போனார். வேண்டுமென்றே. தினமும் பதினொன்றுக்கு வந்தால் தைல வாசம். எல்லாம் அடுக்கி இருக்கும். "வந்தியா பாப்பா" என்பார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார். மறுநாள் கிளம்புமுன் மறுபடி கலைப்பார். கடையில் ரொட்டி இறக்கும்போது சிரித்துக்கொண்டு இறக்கினாராம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிற்று. ஒரு நாள் வந்து பார்த்தால் ஒரு பெட்டி கோணலாக இருந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் பாதிதான் அடுக்கியிருந்தது... மீதி அவர் எறிந்த இடத்திலேயே கிடந்தது.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொன்னார். கலைத்தார், வீட்டைப் பூட்டினார், பூட்டிய கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார். நல்ல வெயில். பத்து மணி. எதிர் வீட்டில் யாரோ துணி உதறுகிறார்கள். அப்போது உள்ளே...

டிக்.

மவுஸ் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டிக். இழுத்து... விட்டு... நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு மூச்சு. பெருமூச்சுகூட இல்லை. வேலை முடிந்து வந்து படுத்தவளை, "பாப்பா, ஒரு வாய் தண்ணி தாயேன்" என்று அவர் எழுப்பும்போது, ஒன்றும் சொல்லாமல் விடுவாளே... அந்த மூச்சு.

பெரியப்பா கதவைத் திறக்கவில்லை. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் கண்ணாடி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள். "தினமும் கலைச்சுப் போட்டுட்டு, வந்து எடுத்து வைம்மான்னா... அவ எப்போ கிளம்புவா, பெரியப்பா?"

"அன்னைக்கு நான்தானே தூங்கிட்டேன்..."

"அதுக்கு அவளத் தூங்க விடாம இருக்கலாமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், அந்தப் பெரிய காய்ப்பு விரல்களால் ஒவ்வொரு பெட்டியாக அவரே இழுத்து வைத்தார். இத்தனை நாள் பார்த்துப் பார்த்து மனப்பாடம். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணாடி சேமிக்கச் சொல்லிக் கொடுத்தாள். பேர் கேட்டது. ஒற்றை விரலால் தட்டினார்: பாப்பா.

"இனிமே எது கலைஞ்சாலும் இதத் தொட்டா திரும்பி வந்துடும்" என்றாள் அவள்.

"எல்லாமுமா?" என்று கேட்டார்.

அன்றோடு வாசம் நின்றது. பெரியப்பா ரொம்ப மெலிந்துபோனார். ஆனால் தினமும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி வந்து, கறையை எப்படிப் புள்ளி புள்ளியாக எடுப்பது என்று காட்டினாள். ஒரு வாரத்துக்கு ஒரு கட்டைவிரல் அகலம். மனைவியின் கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தப்பாகப் போனால், "போச்சு, கிழவிக்கு மீசை வச்சுட்டேன்" என்பார். அவர் அப்படிச் சிரித்துக் கண்ணாடி பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை. பதினொன்றுக்குக் கதவைத் திறந்தார்... தைல வாசம்.

அவர் எதையும் கலைக்கவில்லை. எல்லாம் விட்டபடி இருந்தது. ஒன்று மட்டும் மாறியிருந்தது. மவுஸ். கீபோர்டுக்கு வலப்பக்கம் வைத்துவிட்டுப் போனது, இடப்பக்கம் இருந்தது. பட்டியலைத் திறந்தார். 'பாப்பா'வுக்குக் கீழே இன்னொரு பேர் இருந்தது.

அப்பா.

அதைத் தொட்டார். பெட்டிகள் நகர்ந்தன. எல்லாம் பெரிதாக, அவருடைய கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். ஆனால் அத்தனையும் இடது ஓரத்தில். கீபோர்டில் இரண்டு கையால் செய்ய வேண்டியதற்கெல்லாம் ஒரே தொடலில் முடிகிற பொத்தான்கள்.

கண்ணாடி வந்து நேரம் பார்த்தாள். அன்று காலை பத்து இருபதுக்குச் சேமித்தது. அந்த நேரத்தில் அவர் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் ரொட்டித் தட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் வலது கைக்காரன்டி... மறந்துட்டியா அதுக்குள்ள?" என்று வெறும் நாற்காலியைக் கேட்டார். மவுஸை வலப்பக்கம் எடுத்து வைத்தார். 'பாப்பா' வரிசைக்குத் திரும்பினார். மற்றதைத் தொடவில்லை, அழிக்கவும் மனசில்லை.

மறுநாள் காலையில் மவுஸ் மறுபடி இடப்பக்கம் இருந்தது. அதற்கு மறுநாளும்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து நாற்பத்தோராம் நாள், ஒரு கடை வாசலில் ரொட்டித் தட்டைத் தூக்கினார். தட்டு நழுவியது. குனிந்து பிடிக்கப் போனவருக்கு வலது கை வரவில்லை. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடைக்காரர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

உயிர் பிழைத்தது. கால் வந்தது, பேச்சு வந்தது. வலது கை மட்டும்... அது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி போயிற்று.

மூன்று மாதம் கழித்து, கண்ணாடி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். மவுஸ் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இடது கையை அதன்மேல் வைத்தார். பட்டியலில் இரண்டாவது பேரைத் தொட்டார்.

பெட்டிகள் வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

எதற்கும் அவர் கையை நீட்ட வேண்டியிருக்கவில்லை.