படத்தின் கீழே எழுதிய பெயர்

கல் விழுகிறது. ஓலைமேல் சொத்தென்று ஒன்று. மண்சுவரில் இன்னொன்று. எங்கோ பானை உடைகிறது.

"கம்மாய்க்குள்ள ஓடுங்க! ரோட்டுப் பக்கம் போகாதீக!"

ஓடுகிறேன். முன்னால் பேச்சியக்கா, இடுப்பில் மகள். பட்டப்பகல். 1982, ஆடி மாதம். கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு காலனி. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

"பேச்சி வீடு எதுடா?"

அந்தப் பெயரை அவர்களுக்குக் கொடுத்தது நான்.

சித்திரையில் தல்லாகுளத்திலிருந்து நாங்கள் நாலு பேர் பஸ் ஏறி வந்தோம். கல்லூரி முடித்த சூடு. கூலிவேலைக்குப் போகும் பெண்களிடம் கேமரா கொடுப்பது, அவர்கள் படும் பாட்டை அவர்களே படமெடுத்து அவர்களே ஊருக்குச் சொல்வது, அதுதான் திட்டம். "எங்க மூஞ்சியப் பாத்து பொட்டி வெடிச்சிராதே தங்கச்சி?" என்று சிரித்தவள் பேச்சியக்கா. சீக்கிரம் பழகியதும் அவள்தான்.

ஒருநாள் டீக்கடையை எடுத்து வந்தாள். பெஞ்சில் இருப்பவர்கள் கையில் கண்ணாடி கிளாஸ். தரையில் குந்தியிருக்கும் அவள் புருஷன் கருப்பையா கையில் தேங்காய்ச் சிரட்டை.

கோரிப்பாளையத்தில் கண்காட்சி. படத்தை மாட்டு, பேர் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. பெயரில்லாவிட்டால் யாரோ எடுத்ததாகிவிடும் என்று வெகுநேரம் பேசினேன்.

"நீ படிச்ச பிள்ள. ஒனக்குத் தெரியாததா?"

கொட்டை எழுத்தில் எழுதினேன். ஊரையும் சேர்த்து. பாராட்டு குவிந்தது. பெஞ்சில் இருந்த ஒருவரின் உறவுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அது அப்போது தெரியாது.

கண்மாய்க்குள் குப்புறக் கிடக்கிறோம். கருவேல முள். புகை வாடை. திடீரென்று சத்தம் நிற்கிறது. கூச்சல் இருந்தவரை பயத்தைத் தாங்க முடிந்தது. கருப்பையா அண்ணன் இன்னும் வரவில்லை.

ஒளிந்திருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். வந்தவர்கள் கடைசி வீட்டிலிருந்து வரிசையாகக் கொளுத்தத் தயாராக நின்றார்கள். கருப்பையா அண்ணன் தன் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"பேச்சி வீடு இதான். மத்தவுகள விட்ருங்க."

இழந்தவற்றை எழுதுகிறேன். யாரும் மறக்கக் கூடாது. முதலில் நான்.

கூரை, ஒன்று. வெள்ளாடு, இரண்டு. கேமரா, ஒன்று. அதற்குள் கழுவாத பிலிம். அதில் என்ன எடுத்திருந்தாள் என்று தெரியாது.

கருப்பையா அண்ணன். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில்.

பேச்சியக்கா உயிரோடு இருக்கிறாள். எந்த ஊரில் என்று என்னிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை.

என் பக்கம், ஒரு செருப்பு.