சட்டைப் பெட்டிக்குள்ளே

நெல்லா: அக்கா, உன் முழங்கால் என் முதுகுல குத்துது.

அகாத்தா: அசையாதடி. மேல போட்டிருக்கிற சட்டையெல்லாம் சரிஞ்சிடும்.

நெல்லா: நீதான் அசையற. நான் பொணம் மாதிரி படுத்திருக்கேன்.

அகாத்தா: பொணம் பேசுமா?

நெல்லா: ஹி ஹி...

அம்மா: ரெண்டு பேரும் வாயை மூடுங்க! ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் லிஃப்ட்ல ஏறியாச்சு.

நெல்லா: ஏறினவரு ஏம்மா இன்னும் வரல?

அம்மா: மேஸ்திரி லிஃப்டை நடுவுல நிறுத்தி வச்சிருக்கான். சின்னப் பிள்ளைங்க எல்லாம் ஒளிஞ்சு முடிக்கணும்ல... அகாத்தா, அடியில மூச்சு முட்டுதா?

அகாத்தா: முட்டுது.

அம்மா: கொஞ்ச நேரம்மா. நெல்லா, கையை உள்ள இழு. இன்னும் ரெண்டு சட்டை போடறேன்.

நெல்லா: என் மூஞ்சி மேல போடாதம்மா. பசை நாத்தம்...

அம்மா: உஷ்!

நெல்லா: அக்கா.

அகாத்தா: மெதுவா பேசு.

நெல்லா: அவரு கையில சாக்கு வச்சிருப்பாராமே? பிள்ளைங்களைப் போட்டு எடுத்துட்டுப் போய் ஆத்துல...

அகாத்தா: யாரு சொன்னா?

நெல்லா: மேஸ்திரிதான்.

அகாத்தா: அவன் புளுகுறான். பிடிச்சா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க. பதினாலு வயசு ஆகிற வரைக்கும் பிள்ளைங்க ஃபாக்டரி வாசலையே மிதிக்கக் கூடாதுன்னு நம்ம மாநிலத் தலைநகர் ஆல்பனியில சட்டம் போட்டிருக்காங்க.

நெல்லா: நிஜமாவா? சட்டையில நூல் பிசிறு வெட்ட வேண்டாமா?

அகாத்தா: வேண்டாம்.

நெல்லா: பள்ளிக்கூடத்துல பெஞ்சுக்கு சாய்மானம் இருக்குமா?

அகாத்தா: இருக்கும்.

நெல்லா: எல்லாருக்குமா?

அகாத்தா: எல்லாருக்கும்டி.

நெல்லா: அப்ப நான் கூப்பிடறேன். "ஐயா, நாங்க இங்க இருக்கோம்"னு...

அகாத்தா: ஐயோ, கூப்பிட்டுத் தொலைக்காத! அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்கன்னு மேஸ்திரி அம்மாவை அன்னிக்கே துரத்திடுவான். அப்பா வேற முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காரு.

நெல்லா: அப்ப எப்படிதான் பள்ளிக்கூடம் போறது?

அகாத்தா: அவரா தேடி வந்து பார்க்கணும். அவரா பார்த்துட்டா யார் மேலயும் குத்தம் இல்ல.

நெல்லா: ஒரு கால் மட்டும் வெளிய நீட்டட்டுமா? தெரியாம நீண்ட மாதிரி?

அகாத்தா: ம்ஹூம். நான் அடியில இருக்கேன், உன் பாவாடைதான் என் கண்ணை மூடியிருக்கு. நீட்டினது வெளிய எப்படித் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? சும்மா இரு.

அம்மா: வந்துட்டாங்க... மாதாவே, என் பிள்ளைங்களை மறைச்சுக்கோ.

மேஸ்திரி: இப்படி வாங்க ஐயா. பாருங்க, எல்லாம் வயசான பொம்பளைங்க. இதோ, இவளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம். இல்லையாம்மா?

அம்மா: ஆமாங்க.

இன்ஸ்பெக்டர்: இந்தப் பெட்டியில என்ன?

மேஸ்திரி: தைச்ச சட்டைங்க. இஸ்திரிக்குப் போகுது. கலைச்சுடாதீங்க ஐயா...

இன்ஸ்பெக்டர்: பார்த்துட்டு வச்சிடறேன்.

மேஸ்திரி: ...

இன்ஸ்பெக்டர்: ...

மேஸ்திரி: ஐயா?

இன்ஸ்பெக்டர்: ம். துணி நல்லா இருக்கு.

மேஸ்திரி: வீட்டம்மாவுக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொல்றேன்.

இன்ஸ்பெக்டர்: வெள்ளையா பார்த்துக் கட்டு. சரி, மேல் மாடிக்குப் போகலாம்.

அம்மா: ...போயாச்சு. மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கணும்.

நெல்லா: எந்திரிக்கட்டுமா?

அம்மா: வேண்டாம், வேண்டாம். அவரு தெருவுல இறங்கினதும் மேஸ்திரி விசில் அடிப்பான். அது வரைக்கும் கிடங்க. நான் மிஷினை ஓட்டணும், இல்லன்னா அதுக்கும் கத்துவான்.

நெல்லா: அக்கா... அழறியா?

அகாத்தா: இல்ல. தூசி.

நெல்லா: தூசின்னா தும்மல்தானே வரும்? சொல்லுக்கா. மிஷின் ஓடுது, அம்மாவுக்குக் கேக்காது.

அகாத்தா: நான்தான்டி அவரை வர வச்சேன்.

நெல்லா: நீயா?

அகாத்தா: ஞாயித்துக்கிழமை நமக்குப் பால் குடுத்துப் பாட்டு சொல்லித் தர்றாங்கல்ல, மிஸ் ஹாலோவெல்... அவங்ககிட்ட சொன்னேன். இன்ஸ்பெக்டர் வந்தா சின்னப் பிள்ளைங்களைப் பெட்டியில போட்டு மறைக்கிறாங்கன்னு. கேட்டுட்டு அவங்க கண் கலங்கிட்டாங்க. "பயப்படாத, நேர்மையான அதிகாரி ஒருத்தரை அனுப்பச் சொல்றேன்"னு சொன்னாங்க.

நெல்லா: அம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னை உரிச்சுடுவாங்க.

அகாத்தா: உரிக்கட்டும். அன்னிக்கு நீ தூங்கி விழுந்து கத்தரிக்கோல் கன்னத்துல கிழிச்சுதே... கொஞ்சம் மேல போயிருந்தா கண்ணு. அம்மா ரத்தத்தைத் துடைச்சுட்டு, "சட்டையில படலையே"ன்னுதான் முதல்ல பார்த்தாங்க.

நெல்லா: பட்டிருந்தா கூலியில பிடிப்பான்ல?

அகாத்தா: நீயும் அவங்களுக்கே பேசு. நான் எப்படியோ கிடந்துட்டுப் போறேன். நீ இருமினா எச்சில்ல பஞ்சு வருதுடி. உன்னையாவது வெளிய தள்ளிடணும்னு நினைச்சேன். ஒரு சட்டைக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு, துணி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தப்பு என்னுது. எந்தப் பெட்டின்னு அடையாளம் சொல்லல. ஜன்னல் ஓரம், கடைசி மிஷின், அதுக்குப் பக்கத்துப் பெட்டின்னு சொல்லியிருக்கணும். ஞாயித்துக்கிழமை மறுபடி போறேன்.

நெல்லா: போக வேண்டாம்க்கா.

அகாத்தா: ஏன்? பயமா?

நெல்லா: பயமில்ல. அவருக்கு அடையாளம் தெரியும்.

அகாத்தா: என்ன உளர்ற?

நெல்லா: சொல்லக் கூடாது.

அகாத்தா: யாருகிட்ட?

நெல்லா: யாருகிட்டயும்.

அகாத்தா: நெல்லா! என்னன்னு சொல்லு. என்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போற?

நெல்லா: அவரு என் மூஞ்சி மேல இருந்த சட்டையைத் தூக்கினாருக்கா. என்னைப் பார்த்தாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. உதட்டுல விரலை வச்சு, பேசாதேன்னு சைகை காட்டினாரு. அப்புறம் அவரே சட்டையை இழுத்து, கசங்காம என்னை மூடினாரு. மேஸ்திரி போனதும் திரும்பி வந்து கூட்டிட்டுப் போவாரு போல. அதான் சத்தம் போடாம காத்துக்கிட்டு இருக்கேன்... எப்பக்கா வருவாரு?