இடம் மாறிய தோல்

— மெதுவா சிஸ்டர், மெதுவா. தொடையில ஏன் கை வைக்கிறீங்க?

— தொடையில வைக்கலம்மா. தொடையிலேர்ந்து நரம்போட திருப்பி இங்க வச்சுத் தச்ச தோல்மேல வச்சேன். அது இன்னும் பழைய விலாசத்தையே சொல்லுது.

— புகுந்த வீட்டுக்கு வந்த புதுசுல நானும் அப்படித்தான் இருந்தேன்.

— சிரிக்காதீங்க, தையல் இழுக்கும். இப்ப விரலால அழுத்துறேன்... வெளுத்துச்சு. எடுத்ததும் சிவப்பு திரும்பிடுச்சு. ரத்தம் ஓடுதும்மா, தோல் பொழச்சுக்கிச்சு.

— புத்துநோய்?

— வெட்டின ஓரமெல்லாம் சுத்தம்னு டாக்டர் காலையில சொன்னாரே. அபூர்வமான தோல் புத்து. நானே இப்பத்தான் பாக்கறேன். ஏம்மா இவ்வளவு நாள் வாயத் தொறக்கல?

— பொம்பளைங்க மறைக்கிற இந்த எடத்தை யார்கிட்டப் போய்க் காட்டுறது? படர்தாமரைன்னு சொல்லி, மருந்துக்கடையில களிம்பு வாங்கித் தடவினேன். வருஷக்கணக்கா அரிப்பு.

— வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்லலாமில்ல?

— என்னத்தச் சொல்ல. லாரி ஓட்டுறவரு, பாதி நாள் வெளியூரு. அவரு கொண்டுவந்து குடுத்த நோய்னே நெனச்சேன்.

— ஐயோ, இது யார்கிட்டேர்ந்தும் ஒட்டாதும்மா.

— காலையில டாக்டரும் அதான் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு அப்ப வெந்நீர் புடிக்கப் போயிருந்தாரு.

— பாவம் அந்த மனுஷன். பால் ஆத்திக் குடுக்கறதென்ன, தலை வாரி விடறதென்ன! வார்டே கண்ணு வைக்குது.

— கல்யாணமானதுலேர்ந்து என் தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்கிக் குடுத்ததில்ல, அந்த மனுஷன்.

— அப்ப இதெல்லாம்?

— ஆபரேஷனுக்கு முந்தின நாள் கால்மாட்டுல ஒக்காந்து அழுதாரு. என்னாலதான உனக்கு இப்படின்னு. எந்த ஊரு, எந்தப் பொம்பளன்னு எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமாம்னுதான எனக்கும் தோணுச்சு. அன்னிக்கே லாரிச் சாவிய முதலாளிகிட்டக் குடுத்துட்டாரு. அதுலேர்ந்து இந்த ஸ்டூல்தான் வீடு.

— ஓஹோ! அதான் வாசல்ல என்னை நிறுத்தி, தனியா ஒண்ணு கேக்கணும் சிஸ்டர்னு முழுங்கினாரா! கட்டு மாத்திட்டு வரேன்னு சொல்லியிருக்கேன். இருங்க, போய் ஒரே வார்த்தையில அவரு பாரத்த எறக்கி வச்சிடறேன்.

— சிஸ்டர்...

— வலிக்குதாம்மா?

— இல்ல. நான் எழுந்து நடக்கிற வரைக்கும், அத அவர்கிட்ட சொல்லாம இருப்பீங்களா?