கொடுத்து வைத்த விரல்

கடலூர் பஸ்ஸில் என் பின் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"உங்க வூட்டுக்காரரு குடுத்து வச்சவரு அக்கா. மெஷின்லயே விரலு போச்சு."

"என்னாடி பேசுற?"

"பின்ன? உங்க ஆஸ்பத்திரி பில்லு மொத்தமும் கம்பெனி குடுத்துடுச்சு. எங்க வூட்டுக்காரரு கையும் அதே கம்பெனி சூளையிலதான் வெந்துச்சு. வூட்டுல வெந்ததுன்னு ஆஸ்பத்திரி சீட்டுல இருக்குதாம், பணம் தரமாட்டாங்களாம். அதான் லேபர் ஆபீசுக்குப் போறேன்."

ஆஸ்பத்திரி சீட்டில் எழுதியது தவறென்று காட்ட, உடன் வேலை செய்தவர் சாட்சி சொல்ல வேண்டும். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

"உன் வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்னாரு?"

"மொதலாளி பேரு கெட்டுடும், வூட்டுல வெந்நீர் கொட்டிக்கிச்சுன்னு சொல்லுன்னு சொல்லிக்குடுத்ததே மேஸ்திரிதான். உங்க வூட்டுக்காரரு."

வடலூரில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு மூத்தவள் சொன்னாள்:

"சாட்சிக்கு வரச் சொல்றேன்டி. அப்படிச் சொல்லிக்குடுத்தப்ப அவருக்கு அஞ்சு விரலும் இருந்துச்சு."