சுஹைர் பாஸ்ட கை

இல்ல தம்பி, தண்டை முழுக்க இழுக்காதீங்க எண்டு இப்பத்தானே சொன்னன்? பாதிக்கு இழுத்து உடுங்க. இரும்புக் குண்டு போய் மேல அடிச்ச அடி இங்க வரைக்கும் கேக்குது. விளையாட்டு மேசைக் கண்ணாடி உடைஞ்சா பட்டாளக் காம்புல இருக்கிற வெள்ளைக்காரனுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், நான் இல்ல.

ஓம், திரைக்குப் பின்னால இருந்துதான் கதைக்கிறன். வெளியில வர ஏலாது. இத்தாவுல இருக்கன். புருசன் மவுத்தான பொம்புளை குறிச்ச நாள் முடியிற வரைக்கும் வேற ஆம்புளைக்கு முன்னால வரப்படாது, எங்கட முறை அது. தேவைக்குக் கதைக்கலாம். நீங்க வேதக்காரப் புள்ளை, கற்பிட்டிப் பக்கம், காம்புக் கென்டீன்ல லொறி ஓட்டுறவர் எண்டு என் கூடப் பொறந்த ஜபார் நானா சொன்னாரு. நிக்கொலஸா பேரு? நல்லது. கூச்சப்படாதீங்க, பக்கத்து வீட்டு ஸக்கியா ராத்தா எனக்குத் துணைக்கு இருக்கா. காது மந்தம். நீங்க அங்க வெடி போட்டாலும் அவ பாட்டுக்குத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருப்பா.

சரி, இன்னொரு தரம். பாதிக்கு இழுத்து, உடுங்க.

ம்ஹும். சரியில்ல. ரெண்டு சத்தம் வந்திச்சே, கேட்டீங்களா? முதல்ல தண்டு குண்டுல பட்ட சத்தம், பொறகு குண்டு துள்ளி விழுந்த சத்தம். தண்டுட நுனி குண்டுக்கு நட்ட நடுவுல அடிக்கணும் தம்பி. கீழ அடிச்சா குண்டு எகிறும். எங்கட அவரு, சாமான் திருத்துற சுஹைர் பாஸ், அப்புடித்தான் சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் காதுல ஏறிக் கிடக்கு.

மூடியைத் தூக்குங்க. தண்டு உள்ளுக்கு வார இடத்துல ரெண்டு ஆணி இருக்கும், திருகாணி. ரெண்டையும் கொஞ்சம் இளக்கி, தண்டை ஒரு நூல் அளவு மேல தூக்கிப் புடிச்சுத் திரும்ப இறுக்குங்க. ஐயோ, என்ன அது, குறடா? குறடால திருகினா ஆணிட தலை போயிருமே! லொறி ஓட்டுற கைக்கு எல்லாமே லொறிதான். பக்கத்துல இருக்கிற ஆயுதப் பெட்டியில பாருங்க, மரப் புடி போட்ட சின்னத் திருப்புளி ஒண்டு கிடக்கும். இடப்பக்கத்துத் தட்டுல. ஓம், அதுதான். பக்குவமாப் புடிங்க.

நல்ல பெட்டியா? ஓம், நல்ல பெட்டிதான். இண்டைக்கு மட்டுந்தான் இங்க இருக்கும். சிலாபத்துல இருந்து ஒரு ஆள் வாரார். பெட்டி, அரம், துளைக்கிற மெஷின், எல்லாம் அவருக்குத்தானாம், நானா பேசி முடிச்சிட்டாரு. என்னைக் கேட்டாரா எண்டா? என்னை ஏன் கேக்கப் போறாரு? குடுக்க வேணாம் நானா, குடுக்க வேணாம் நானா எண்டு நாக்கு வறண்டு போற அளவுக்குச் சொல்லிப் பாத்துட்டன். பொம்புளைக்கு என்னத்துக்கு அரமும் ஆணியும் எண்டு கேக்கிறாரு. இத்தா முடிஞ்ச கையோட என்னையும் கனமூலைக்குக் கூட்டிப் போறாராம், அவர்ட வீட்டுக்கு. நல்ல மனுசன் தம்பி, குறை சொல்ல ஏலாது. தங்கச்சி தனிச்சுப் போயிட்டா எண்டு மவுத்தான அண்டைக்கே ஓடி வந்து முன் அறையிலேயே பாயைப் போட்டுட்டாரு. இன்னும் எழும்பல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு கவலையா? புருசன்ட சாமான், நினைவுக்கு எண்டு வெச்சுக்கங்களேன். நீங்க ஆணியை இறுக்குங்க.

இறுக்கியாச்சா? குண்டை வெச்சு உடுங்க பாப்பம். ஆ! அது, அது! ஒரே சத்தம். மாஷா அல்லாஹ். பழைய தண்டு உப்புக் காத்துல துருப்புடிச்சு முறிஞ்சே போச்சு, இது பித்தளை. உடைச்ச வத்தைத் தோணி ஒண்டுல கிடந்த கம்பியை வாங்கி, அராவி அராவி எடுத்தது. ஸ்பிரிங்கும் புதுசாச் சுத்தினது. கடற்கரையில எத்தனை வருசம் கிடந்தாலும் அந்தத் தண்டுக்கு ஒண்டும் ஆகாது.

ஏன் சத்தத்தைக் காணல்ல? குண்டு மேல போச்சுத்தானே, கீழ உருண்டு வார சத்தம் எங்க?

நடுவுல நிக்குதா? நிக்குது எண்டா, பலகை ஆணியில சிக்கியா, சும்மாவா? சும்மாவா? யா அல்லாஹ், இது என்ன சோதனை. கொஞ்சம் பொறுங்க, யோசிக்க உடுங்க. தண்டு சரி. ஸ்பிரிங் சரி. தம்பி, குனிஞ்சு பாருங்க, மேசைட முன் காலுக்குக் கீழ ஏதும் இருக்கா?

ஓட்டுத் துண்டா! ரெண்டு காலுக்குமா! சிரிக்காதீங்க, மெல்லமாக் கதைங்க, நானா வாசல் முத்தத்துலதான் நிக்கிறாரு. அவர்ட வேலைதான் இது. எங்கட ஜபார் நானா உப்பளத்துக் கங்காணி. பாத்தி ஒரு பக்கம் சரிஞ்சாத் தண்ணி ஒரு பக்கம் போயிரும், உப்பு விளையாது. அதனால அவருக்கு எது சரிஞ்சு இருந்தாலும் கண்ணுல குத்தும். கட்டில் சரிஞ்சா நித்திரை வராது மனுசனுக்கு. இந்த மேசை முன்னுக்குச் சரிஞ்சு நிக்கிறதைப் பாத்துட்டு, பாவம் சுஹைர், கால் கட்டையாப் போட்டுட்டு மவுத்தாப் போயிட்டான் எண்டு நினைச்சு, கோப்பையில தண்ணி வெச்சுப் பாத்து மட்டம் புடிச்சிருக்காரு. சரிவு இல்லாட்டி குண்டு எப்புடி உருண்டு வரும்? உப்பா விளையப் போகுது அதுல!

இப்ப எடுக்காதீங்க. பாத்தாக் கோவிச்சுக்குவாரு. அந்தா, அஸருக்குப் பாங்கு சொல்லுது. நானா! நானா, பள்ளிக்குப் போயிட்டு வாங்களேன், ராத்தா இருக்கா எனக்குத் துணைக்கு. ஓம், தம்பி மேசையை ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. ஓம். சிலாபத்தார் வந்தா இருக்கச் சொல்லுறன்.

இப்ப எடுங்க. ரெண்டையும். உடுங்க குண்டை.

கேக்குது, கேக்குது. ஆணியில பட்டுப் பட்டு வருது. எவ்வளவு வடிவான சத்தம். இன்னும் ஒண்டுதான் பாக்கி தம்பி. பாதிக்கு இழுத்து உட்டா, குண்டு மேல இருக்கிற வளைவு வரைக்கும் ஏறி, போகட்டா வரட்டா எண்டு நிண்டுட்டுத் திரும்பணும். வேகமாச் சுத்திக்கிட்டுப் போகுதா? அப்ப உள்பக்கம் தண்டுட வால்ல ஒரு நட்டு இருக்கும், அதைக் கால் திருப்பு இளக்குங்க. ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமா இருக்கப்படாது, கை பழகினவனுக்கும் பழகாதவனுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிரும். பொறகு என்ன விளையாட்டு அது? உடுங்க. இன்னும் வேகமா? இன்னும் ஒரு மயிரளவு. உடுங்க.

நிண்டு திரும்பிச்சா? மெய்யாவா? என்னை ஏய்க்க இல்லத்தானே? இன்னொருக்கா உடுங்க, கேக்கணும் எனக்கு.

அல்ஹம்துலில்லாஹ்.

என்ன கேட்டீங்க? இனிப் பழுதானா யார்ட்டக் கொண்டு போறதா? சுஹைர் பாஸ்ட கை மாதிரி ஒரு கை இனிப் புத்தளத்துல இல்லையா? ஓம் தம்பி. ஜனாஸாவுக்கு வந்த ஆக்களும் அதைத்தான் சொன்னாங்க. அந்தக் கையை இனி எங்க தேடுற எண்டு சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் உள்ளுக்கு இருந்து கேட்டுக்கிட்டு இருந்தன்.

நானா போயிட்டாரா? வாசல்ல செருப்பு இல்லத்தானே?

எங்கட அவருக்குக் கை நடுங்கும் தம்பி. வெள்ளைக்காரன்ட இந்தச் சண்டை தொடங்க முந்தி ஒரு காய்ச்சல் வந்திச்சு, அதோட புடிச்ச நடுக்கம். சோத்தையே நான்தான் பிசைஞ்சு ஊட்டுவன். உங்கட கென்டீன்ல தேத்தண்ணி குடுத்தா வேணாம் எண்டுருவாராமே, பெருமை புடிச்சவர் எண்டு நினைச்சிருப்பீங்க. கோப்பையைப் புடிக்க ஏலாது, அதுதான் விசயம். கையை எப்பவும் சால்வைக்குள்ள வெச்சிருப்பாரு. சாமானை முன் அறையில வாங்குவாரு, என்ன பழுது எண்டு விசாரிப்பாரு, கதவைச் சாத்துவாரு. பொறகு அரம் புடிக்கிறது நான். பள்ளி மணிக்கூடும் நான்தான், டாக்குத்தர்ட தையல் மெஷினும் நான்தான், இந்தத் தண்டும் நான்தான். சொல்லித் தந்தது அவரு, அதுல பொய் இல்ல. பக்கத்துல கதிரையைப் போட்டு இருந்துக்கிட்டு, இன்னும் கொஞ்சம் அராவு லெய்லா, இன்னும் கொஞ்சம் எண்டு சொல்லுவாரு. முன் அறையில நானா குடியேறாம இருந்திருந்தா இந்த நட்டையும் நானே திருப்பி முடிச்சிருப்பன், உங்களை இந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டன்.

என்ன, நானாட்டச் சொல்லட்டா எண்டா கேக்கிறீங்க?

வேணாம். தம்பி, வேணாம், நானாவுக்குச் சொல்லவே வேணாம். உங்கட மாதாவுக்கு மேல ஆணையாச் சொல்லுறன் எண்டு வெச்சுக்கங்க. இவ்வளவு காலம் பொண்டாட்டிட கையால பேரெடுத்தவன் எண்டு ஊர் கதைக்கும். கபுறுல கிடக்கிற மனுசன் எழும்பி வந்தா பதில் சொல்லுவாரு? அவரு ஒளிச்ச கையை நான் எப்புடி வெளியில எடுத்துக் காட்டுற? சொல்லாட்டிப் பெட்டி போயிரும், தெரியும். கனமூலையில எனக்குச் சட்டியும் பானையும் இருக்காம், ஒரு குறையும் இல்லாமப் பாத்துக்குவாராம். இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் அங்க என்ன செய்யிற, சொல்லுங்க. காலைல எழும்பினா இது பாட்டுக்கு அரத்தைத் தேடுது. உங்கள்ட்ட ஏன் சொன்னன் எண்டும் தெரியல்ல. யாருக்காவது ஒருக்காச் சொல்லணும் போல இருந்திச்சு.

வண்டிச் சத்தம் கேக்குது. சிலாபத்தாராத்தான் இருக்கும். மேசையைச் சரிச்சுத் தூக்காதீங்க, ரெண்டு பேராப் புடிச்சு ஏத்துங்க.

திருப்புளியைத் துடைச்சுத் தட்டுல வெச்சிருங்க. அந்தப் பெட்டி மூடி சும்மா பூட்டாது தம்பி. வலப்பக்க மூலையை அமத்திப் புடிச்சுக்கிட்டுத்தான் கொக்கியைப் போடணும். சிலாபத்தாருக்கு அதைச் சொல்லிருங்க, இல்லாட்டிப் பாதையில திறந்து எல்லாம் கொட்டுண்டு போயிரும்.