நாணயச்சாலைக்குப் போகாதவன்

ஓரணாவுக்கு ஆறு நயா பைசா என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியமில்லை. கணக்குப்படி ஆறேகால் வரும். கால் பைசா என்று ஒரு காசு கிடையாது, அதனால் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். "அப்ப அந்தக் கால் பைசா எங்க போவும் டீச்சர்?" என்று போன வருஷம் ஒரு பிள்ளை கேட்டாள். சின்னதை விட்டுத் தள்ளு, பெரிய கணக்கில் சரியாகிவிடும் என்றேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

உட்காருங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஐயா. தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்தது யார் குற்றம் என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதில் கருகிச் செத்த இஸ்ரவேல் என் தம்பி. முதலாளி பேரில் நான் புகார் எழுதித் தரப்போவதில்லை. நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். எஸ்தர்ராணி டீச்சர் பொய் சொல்லமாட்டாள் என்பது கோவில்பட்டியில் எல்லாருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அதுவே எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று.

எங்கள் அப்பா ஆறு மாசத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனவர். வரவில்லை. அந்த ஏக்கத்திலேயே அம்மாவும் போய்ச்சேர்ந்தாள். அப்போது இஸ்ரவேலுக்கு ஏழு வயது, எனக்குப் பதினேழு. எனக்கு வந்த வரன்கள் இரண்டு. இரண்டு பேருமே தம்பியைக் கூட வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதை அவனிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, நாலைந்து தடவையைத் தவிர.

அவன் வளர்ந்து மில்லில் ஃபிட்டரானான். போன தை மாதம் மதுரைக்குப் போய் ஒரு பரீட்சை எழுதித் தேறிவந்தான். வடக்கே அரசாங்க நாணயச்சாலைக்குப் புதுக்கிளை அமைக்கிறார்களாம், அதற்கு ஃபிட்டர்கள் வேண்டுமாம். கம்மங்கஞ்சியைக் குடிக்க மறந்து பேசிக்கொண்டே இருந்தான்.

"எந்திரமெல்லாம் கப்பல்ல வந்து பெட்டியோட கெடக்காம் அக்கா. பிரிச்சு ஊனுததே நாங்கதான். நம்ம கரிசல் மாதிரி மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணு இல்ல, அங்கன பாறைத் தரை. நான் ஊனுன எந்திரத்துல அடிச்ச காசு நம்ம சந்தைக்கே வரும், பாத்துக்க."

உள்ளே வேலைக்குப் போகிறவன் சொந்தக் காசைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். திரும்பும்போது உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்களாம்.

"அதனால கை சுத்தமான ஆளுதான் வேணும்னு சொல்லுதாவ. போலீசு வந்து விசாரிக்கும். ஒரு சொல்லு தப்பா வந்தா முடிஞ்சது. நமக்கு என்ன பயம்? குவார்ட்டர்ஸ் குடுத்ததும் ஆறு மாசத்துல வந்து ஒன்னையக் கூட்டிட்டுப் போயிருதேன்."

ஆறு மாசம் என்பதை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

அவனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. நெஞ்சில் சளி கட்டுகிற உடம்பு, வடக்கத்திக் குளிரைத் தாங்காது. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் முடிவு செய்தேன். என்னைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஏட்டு சங்கிலிப்பாண்டி விசாரணைக்கு வந்து, இப்போது நீங்கள் இருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். "டீச்சரம்மா, நீங்க ஒரு வார்த்தை நல்லபடியாச் சொன்னா எழுதிட்டுப் போயிருவேன்" என்றார்.

"நல்ல பையன்தான். ஒம்பது வயசுல கோயில் காணிக்கைப் பையில நாலணா எடுத்துட்டான். சபைக்கு முன்னால மூப்பர் பிரம்பால அடிச்சாவ. அதுக்குப் பொறவு, எனக்குத் தெரிஞ்சு, இல்ல" என்றேன். எனக்குத் தெரிஞ்சு என்பதைச் சற்று நிறுத்திச் சொன்னேன்.

அவர் பேனா நின்றுவிட்டது. "சின்னப்புள்ளையில நடந்ததுல்லா. எழுதணுமா டீச்சரம்மா?"

"கேட்டீங்க, சொன்னேன். எழுதுததும் விடுததும் ஒங்க இஷ்டம்."

அவர் நேர்மையான மனுஷன். சபைப் பெரியவரான மூப்பரிடமும் போய்க் கேட்டார். அடித்தது உண்மைதான் என்று மூப்பர் சொன்னார். அதற்குமேல் எழுதாமல் இருக்க முடியுமா?

வேலை இல்லையென்று கடிதம் வரும், இவன் நாலு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போவான் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடிதம் வந்தது. ஆனால் ஏட்டு மில்லிலும் விசாரித்திருக்கிறார். பித்தளைச் சாமான் புழங்குகிற இடம், கைநீளம் உள்ளவனை வைத்துக்கொள்ள முடியாது என்று மேனேஜர் நிறுத்திவிட்டார். திருட்டுப் பட்டம் ஊருக்கு முன்னால் ஓடுகிறது, வேறு மில்லிலும் எடுக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கும் அறைக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. அங்கே திருட ஒன்றும் கிடையாது.

அங்கே நாலு மாதம் வேலை பார்த்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அந்த நாலு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தீப்பிடித்த பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். தொட்டு ஆறுதல் சொல்ல உடம்பில் இடமில்லை. அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

"மூப்பரைத் திட்டாத அக்கா. அவிய பழசை மனசுல வச்சுச் சொல்லிட்டாவ போல. நெசத்தை மட்டும் யாருட்டயும் சொல்லிராத. ஒன் வேலை போயிரும்."

நிஜம் இதுதான் ஐயா. அந்த நாலணாவை எடுத்தது நான். காணிக்கைப் பை அந்த ஞாயிற்றுக்கிழமை என் பொறுப்பில் இருந்தது. வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. அந்தக் காசில் வாங்கிய அரிசிக் கஞ்சியை அவனும் குடித்தான், அதனால் அவனுக்குத் தெரியும். எனக்கு அப்போது ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சேருவதற்குக் குருவானவர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும். எடுத்தது யார் என்று மூப்பர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, பின்னால் பாயிலிருந்து என் தம்பி எழுந்து நின்றான். பன்னிரண்டு அடி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்குச் சான்று கிடைத்தது.

எனக்காக அடிவாங்கிச் சான்று வாங்கிக் கொடுத்த பிள்ளைக்கு, ஒரு சான்று தேவைப்பட்டது ஒரே ஒரு தடவை. நினைத்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குரலை உயர்த்திப் பழக்கமில்லாததால் மெதுவாகச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்ற அவன் பேச்சை இன்றைக்குத்தான் மீறுகிறேன். எழுதி முடித்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

புறப்படுமுன் எங்கள் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டியதுதான், என் வகுப்பு ஜன்னலில் நின்றால் அவன் மேடு தெரியும். கரிசல் மண், வெயிலுக்கு வெடித்துவிடுகிறது. தினமும் பள்ளி விட்டதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வெடிப்பை மூடிவிட்டு வருகிறேன். வடக்கே போயிருந்தால் அவனை யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள், சொல்லுங்கள்.