புல்லர் கேட்டு வந்த செவ்வாய்க்கிழமை குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர் இரண்டும் இந்தத் தாளின் தலையில் அதிகாரி எழுதியபடி சரியே. வயது எழுபத்தொன்று. தொழில் கார் மெக்கானிக். விலாசம், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் முதல் தகரக் கொட்டகை. குடியிருப்பும் அதன் பின்னறையில்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. தொழிலையும் யாரிடமும் படிக்கவில்லை. வண்டிகளைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிகாரி எழுதி வாசித்துக் காட்டிய பத்து வரிகள் எனக்கு ஒப்பாததால், என் கைப்பட இதை எழுதுகிறேன்.

எனக்கு நான்கு கடை தள்ளி உள்ள கொட்டகை என் உடன்பிறந்த தம்பியுடையது. இருவரும் இருபத்தாறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு பழைய வண்டியில் ஸ்டீயரிங் வீலைக் கழற்றும்போது, அவன் நட்டை முழுவதுமாக எடுத்துவிட்டு வீலை ஆட்டி இழுத்தான். நட்டில் மூன்று சுற்று மரையாவது மிச்சம் வைத்துத்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிக் கிடக்கும் வீல் ஒரே நொடியில் விட்டுத் தெறிக்கும் என்று அவனுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். வீல் தெறித்தது. ஜன்னல் வழியே தலையை விட்டுக் குனிந்திருந்த எனக்கு முன்பல் இரண்டு போயின. அவன் சிரித்தான். பயத்தில் வந்த சிரிப்பு என்று பிறகு ஆள் விட்டுச் சொன்னான். சிரிப்பு சிரிப்புதான். அந்த வாரமே தனித்தனியானோம். அதன் பிறகு அவனோடு நான் பேசியதில்லை.

வீலைக் கழற்றும் புல்லர் என்னிடம் இருக்கிறது. பழைய லாரியின் இரும்புப் பட்டையை அறுத்து நானே செய்தது. உள்ளங்கை நீளப் பட்டை, இரண்டு பக்கமும் போல்ட் போக வழி, நடுவில் தடித்த திருகு ஒன்று. முதலில் பேட்டரி வயரைப் பிரிக்க வேண்டும். அதன் பிறகு ஹாரன் மூடியை நெம்பி எடுத்து, நட்டைத் தளர்த்தி, வீல் எந்த நிலையில் இருந்தது என்று வீலைத் தாங்கும் ஸ்டீயரிங் தண்டிலும் வீலிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, வீலில் உள்ள இரண்டு துளைகளில் போல்ட்டை முறுக்கி, நடுத்திருகை மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். வீல் தானாக மேலே வரும். புல்லர் இல்லாதவர்கள் ஒருவர் வீலை இழுக்க, இன்னொருவர் தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பார்கள். அடித்தால் தண்டின் தலை விரியும், மரை நசுங்கும். திரும்பப் பூட்டும்போது நட்டு பாதி வழியில் நின்றுகொண்டு, முழுவதும் இறுகியதுபோல் கையை ஏமாற்றும். இதை என் தம்பியும் அறிவான்.

போன திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தம் முப்பத்தைந்து வருடப் பழைய காரை என்னிடம் கொண்டுவந்தார். இண்டிகேட்டர் ஸ்விட்ச் உடைந்திருந்தது. அதை மாற்ற வீலைக் கழற்ற வேண்டும். பொருள் வந்துசேரப் பத்து நாள் ஆகும் என்றேன். அவர் அவசரப்பட்டு என் தம்பியிடம் போனார். அவனிடம் ஸ்விட்ச் இருந்தது, புல்லர் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தம்பியின் மனைவி என் கொட்டகைக்கு வந்தாள். புல்லர் என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"மாமா, அரை மணி நேரம் அதைக் குடுங்க. நானே கொண்டுவந்து மாட்டிடறேன்."

"வேணும்னா அவனை வந்து கேக்கச் சொல்லும்மா. அவனுக்கு வாய் இல்லையா?"

"வாய் ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு மாமா. காதுதான் ரெண்டு பேருக்குமே இல்ல."

நான் புல்லரைக் கொடுக்கவில்லை. அவள் ஆணியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு கால் மணி நேரத்தில் தம்பி கொட்டகையிலிருந்து சுத்தியல் ஓசை கேட்டது. பதினேழு அடி. பன்னிரண்டாவது அடிக்குப் பிறகு ஓசை மாறியது. தண்டின் தலை விரிந்தால் ஓசை அப்படித்தான் மாறும் என்பது எனக்குத் தெரியும். நான் கார்புரேட்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் அந்தக் காரை என் வாசலில் நிறுத்தினார்.

"என்ன பெரியவரே, தம்பிகிட்ட போயிட்டேன்னு கோவமா?"

"எனக்கென்ன கோவம் சார். இண்டிகேட்டர் எரியுதா?"

"ஜோரா எரியுது. வளைக்கும்போது மட்டும் உள்ள ஏதோ கடகடங்குது. என்னவா இருக்கும்?"

"பிரிச்சவனைக் கேளுங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரனா?" என்று சிரித்தார்.

அதன் பிறகு அவர் வண்டியை எடுக்க வீலைத் திருப்பியபோது, வீல் ஒரு விரல்கடை மேலெழும்பி இறங்கியதைப் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். நான்கு கடை தள்ளித் தம்பி தன் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. அதன் பிறகு பத்து நிமிடத்துக்குள், தண்ணீர்த் தொட்டி வளைவில் வீல் ஆசிரியர் கையோடு வந்துவிட்டது என்றும், கார் மதிலில் மோதியது என்றும் பழக்கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். இன்று திங்கட்கிழமை. ஆசிரியர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை.

இன்று காலை என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். தாழ்வாரப் பலகையில் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து, "எல்லாத்தையும் சொல்வீங்களா மாமா, இல்ல எங்க தப்பை மட்டுமா?" என்று கேட்டாள். தம்பி, "அவரை விடு" என்றான்.

உள்ளே அதிகாரி மேசையில் அந்தக் காரின் தண்டையும் நட்டையும் வைத்து, இது யார் வேலை என்று கேட்டார். சுத்தியல் வேலை என்றேன். புல்லர் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றார். ஆகாது என்றேன். அவ்வளவையும் எழுதிக்கொண்டு, "இது போதும் பெரியவரே. உங்க தம்பி உள்ள போறதுக்கு இதுவே தாராளம்" என்றார். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதில் இல்லையே என்றேன்.

"கேட்ட சாமானைக் குடுக்கலைங்கறது எந்தச் சட்டத்துல குத்தம்? இந்த வயசுல வம்பை ஏன் விலைக்கு வாங்கறீங்க?"

"சட்டத்தை நீங்க பாத்துக்கங்க. நடந்ததை நான் எழுதறேன். இல்லன்னா கையெழுத்து கிடையாது."

அரை மணி நேரம் வாதாடிய பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

என் தம்பி சுத்தியல் எடுத்தது தவறு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அவனோடு இனிப் பேசும் உத்தேசமும் எனக்கு இல்லை. ஆனால் புல்லர் கேட்டு வந்தபோது கொடுக்காதவன் நான். ஓசை மாறியதைக் கேட்டவன் நான். வீல் எழும்பியதைப் பார்த்தவனும் நான். அவன் வெள்ளிக்கிழமை நின்ற இடத்திலிருந்து வீல் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. அவன் மேல் எந்தப் பிரிவில் வழக்கு எழுதுகிறீர்களோ, அதில் என் பெயரையும் எழுத வேண்டும். வயதைக் காட்டி என்னை விட்டுவிட வேண்டாம்.

இதில் உள்ளவை நான் கண்டது, கேட்டது, செய்தது, செய்யாமல் விட்டது. ஒருவரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே 'சாட்சி' என்று அச்சடித்திருப்பதைக் கோடு போட்டு நீக்கியவன் நானே.

(ஒப்பம்)